சூடானால் நிற்கிற கார்

பாலத்தின் உச்சியில் கார் நின்றதும் அக்கா கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். பின்னால் லாரிகள் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறுவதுபோல வந்து நின்றன. ஒரு டிரைவர் கண்ணாடியை இறக்கி அவளுடைய பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார். யாரோ இரண்டு பேர் கைகொடுத்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். வெயிலில் நின்று நின்று அவள் தலை சூடாக ஆக, எஞ்சின் மெல்ல ஆறியது. ஆறியதும் சாவியைத் திருப்பினாள். நானா நின்றேன் என்று கேட்கிற மாதிரி கார் சமர்த்தாகக் கிளம்பியது.

நேராகப் பட்டறைக்கு ஓட்டி வந்தாள். அந்தப் பட்டறை அவள் தம்பியும் அவள் கணவரும் கூட்டாக நடத்துவது. எஞ்சின் வேலை தம்பிக்கு, வயர் வேலை அத்தானுக்கு. ஊர் வண்டியெல்லாம் அங்கே வந்து குணமாகிப் போகும். வீட்டு வண்டிதான் நடுரோட்டில் நிற்கும். வைத்தியர் வீட்டில் நோயாளி என்றால் சும்மாவா?

சாவியை மேசையில் வைத்துவிட்டு அக்கா சத்தமே போடாமல் பேசினாள். அவள் சத்தம் போட்டால் தம்பிக்குப் பயமில்லை. இப்படி நிதானமாகப் பேசினால்தான் பயம்.

"சனிக்கிழமைக்குள்ள இது சரியாகணும். இல்லன்னா திங்கட்கிழமை நான் வார்டுக்கே திரும்பிப் போறேன்னு எழுதிக் கொடுத்துடுவேன். நடுவழியில நிக்கிற நர்ஸை நம்பி யாரும் புண்ணைத் திறந்து வச்சிட்டுக் காத்திருக்க முடியாது."

அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே போய்க் கட்டு மாற்றி, ஊசி போட்டு வருகிற வேலை. அந்த வேலைக்குச் சொந்தக் கார் வேண்டும் என்பது ஆஸ்பத்திரியின் விதி. வருஷக்கணக்காக வார்டில் ஓடி ஓடிக் கால் வீங்கியபிறகு கிடைத்த வேலை அது. வார்டில் அவள் பத்தோடு பதினொன்று. இந்த வீடுகளில் அவள் வருகிற சத்தத்துக்கே முகம் மலர்கிறவர்கள் இருந்தார்கள். அதில் ஒரு ரிட்டையர் டீச்சர் ஒவ்வொரு தடவையும் கட்டு முடிந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த தடவையும் நீதானே வருவே?" என்று கேட்பார். போன வாரம் அந்தக் கேள்விக்குத் தன்னால் பதில் சொல்ல முடியவில்லை என்று அக்கா சாப்பாட்டுக்கு நடுவில் சொன்னாள். தம்பி பாதித் தட்டோடு எழுந்துவிட்டான்.

காரின் கோளாறைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டினால் அது பழைய பாட்டையே பாடியது: கிராங்க் சிக்னலும் கேம் சிக்னலும் ஒத்துப்போகவில்லை.

சங்கதி இவ்வளவுதான். எஞ்சினுக்கு அடியில் சுழல்வது கிராங்க் தண்டு. மேலே சுழன்று வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் தண்டு. இரண்டையும் ஒரு பல் பெல்ட் இணைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சென்சார் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கிராங்க் சென்சார் சொல்லும். எந்த சிலிண்டரின் முறை என்று கேம் சென்சார் சொல்லும். இரண்டு சாட்சியும் ஒரே கதையைச் சொன்னால்தான் கம்ப்யூட்டர் டீசலைப் பீய்ச்சும். கதை மாறினால் இரண்டு பேரையும் நம்பாமல் வண்டியை நிறுத்திவிடும். பாலமா, பள்ளமா என்றெல்லாம் அது பார்க்காது. இதை முதல் தடவை கார் நின்றபோதே அக்காவுக்கு உட்காரவைத்து விளக்கியிருந்தார்கள். அவளும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

முதல் தடவை நின்றபோது கேம் சென்சாரை மாற்றினார்கள். இரண்டாம் தடவை கிராங்க் சென்சாரை மாற்றினார்கள். இரண்டு தடவையும், இனி பிரச்சினையே இல்லை என்று அத்தான் சொன்னார். இரண்டு தடவையும் வண்டி அவர் வாயை அடைத்தது.

ஆக, சென்சார் இல்லை என்றால் என்ன? இந்தக் கேள்வியில்தான் பட்டறை இரண்டாகப் பிளந்தது. ஏனென்றால் மழைக்கு முன்னால் இதே காருக்குத் தம்பி புது டைமிங் பெல்ட் போட்டிருந்தான். அதே வாரம் அத்தான் பின்பக்கக் கேமரா வைப்பதற்காக டாஷ்போர்டைப் பிரித்து வயர் இழுத்திருந்தார். பெல்ட் ஒரு பல் தள்ளி விழுந்தாலும் கேமும் கிராங்கும் ஒத்துப்போகாது. வயர் எங்காவது உரசினாலும் ஒத்துப்போகாது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, இங்கே இரண்டு பேருமே மாமியார்.

தம்பிதான் முதலில் வாயை விட்டான். வாடிக்கையாளர்கள் நாலு பேர் நிற்கும்போது, "உங்க வயர்தான் அத்தான் எங்கயோ கடிக்குது," என்று சொல்லிவிட்டான். அத்தான் கையில் இருந்த டெஸ்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டைத் தனியாக எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். ஸ்பேனர் வேண்டும் என்றால் சுவரைப் பார்த்துக் கேட்பார். தம்பி அதைச் சுவரிடமே நீட்டுவான்.

உள்ளுக்குள் அவனுக்குப் பயம். அதை யாரிடம் சொல்வது? அவன் கைக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பெயர் உண்டு: ஓட்டைக்கை. எதை எடுத்தாலும் கீழே போடுவான். தட்டு, தம்ளர், பேனா, போல்ட் எல்லாம். மெக்கானிக் ஆனபிறகும் பெயர் போகவில்லை. எஞ்சினுக்குள் விழுந்த போல்ட்டைத் தேடியே பாதி நாள் போகும். அதைப் பார்த்துத்தான் அக்கா அவன் பிறந்தநாளுக்கு ஒரு காந்தப் பட்டை வாங்கிக் கொடுத்தாள். மணிக்கட்டில் வாட்ச் மாதிரி கட்டிக்கொள்வது. உள்ளே வரிசையாகக் காந்தம் தைத்திருக்கும். கழற்றுகிற போல்ட் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். அன்றிலிருந்து அவன் ஒரு போல்ட்டைத் தொலைத்ததில்லை. கை கழுவும்போதுகூடக் கழற்றமாட்டான். சாப்பிடும்போது ஸ்பூன் போய் அதில் ஒட்டும், அக்கா சிரிப்பாள். தனக்காக யோசித்து ஒருத்தி வாங்கிக் கொடுத்த பொருள் என்று அவனுக்கு அதில் பெருமை. அவ்வளவு கவனமாகப் போட்ட பெல்ட்டும் தன் ஓட்டைக்கையால் கெட்டிருந்தால் என்ன செய்வது என்பதுதான் அவன் பயம்.

அத்தான் இல்லாத நேரமாகப் பார்த்து பெல்ட் மூடியைத் திறந்தான். கிராங்கைப் பூட்டுகிற பின்னை, பற்கள் சரியாக அமைந்தால்தான் உள்ளே போகிற கம்பியை, செருகினான், போனது. கேம் சக்கரத்துப் பின்னைச் செருகினான், அதுவும் வெண்ணெயில் கத்தி மாதிரி போனது. ஒரு பல்கூடப் பிசகவில்லை. எல்லாவற்றையும் மூடினான். மனம் கேட்கவில்லை, மறுபடி திறந்து மறுபடி செருகினான். மறுபடியும் போனது. அப்படியென்றால் வயர்தான் என்று சந்தோஷப்பட்டான். சந்தோஷப்பட்டதற்கு அப்போதே வெட்கமாகவும் இருந்தது.

அத்தானும் சும்மா இல்லை. சென்சாரிலிருந்து கம்ப்யூட்டர்வரை ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக அளந்தார், இழுத்தார், ஆட்டினார். கனெக்டருக்குள் இருக்கிற ஊசிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கேமரா வயரையே முழுசாகக் கழற்றி வெளியே போட்டார். வண்டி அரைமணி நேரம் ஓடி, சூடாகி, பட்டறை வாசலிலேயே நின்றது. தரையில் சுருண்டு கிடந்த கேமரா வயரை அவர் பார்த்தார். தம்பியும் பார்த்தான்.  மன்னிப்புக் கேட்காமல் வேறு வண்டியிடம் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை அத்தான் ஸ்கோப்பை எடுத்தார். சின்னப் பெட்டி ஒன்று, ஒரு பழைய லேப்டாப்போடு சேர்ந்தது. சென்சார் அனுப்புகிற சிக்னலைத் திரையில் கோடாக வரைந்து காட்டும். கீழ்க்கோடு கிராங்க், சீப்பின் பற்கள் மாதிரி நெருக்கமாக ஓடியது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஓரிடத்தில் வேண்டுமென்றே விட்ட ஓர் இடைவெளி, எண்ணிக்கை தொடங்குகிற இடம் அது. மேல்கோடு கேம், அகலம் அகலமான படிகள். எஞ்சின் குளிர்ந்திருந்தவரை இரண்டும் தாளம் தப்பாமல் ஓடின.

"சூடாக்கணும்," என்றார் அத்தான், சுவரிடம்.

தம்பி ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து ரேடியேட்டருக்கு முன்னால் செருகினான். காற்று போகாமல் எஞ்சின் சீக்கிரம் கொதித்தது. விசிறி அலறத் தொடங்கியது. இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோபத்துக்குத் தனித்தனி ஸ்கோப் இல்லையே.

முதலில் சீப்பில் ஒரு பல் மெலிந்தது. பிறகு பக்கத்துப் பல்லும் மெலிந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டும் விட்டு விட்டுக் காணாமல் போயின. எஞ்சின் இருமி நின்றது.

அத்தான் பதிவைப் பின்னால் ஓட்டி ஓட்டிப் பார்த்தார். அதற்குப்பிறகுதான் பல நாள் கழித்து அவனை நேருக்கு நேர் பார்த்துப் பேசினார்.

"மச்சான், இங்க பாரு. வயரா இருந்தா கண்ட இடத்துல விடும். சென்சாரா இருந்தா மொத்தமா போகும். இது ஒவ்வொரு சுத்துலயும் அதே இடத்துல விடுது. சுத்தற பொருள்லதான் கோளாறு."

சுற்றுகிற பொருள் என்றால் கிராங்க் முனையில் பெல்ட் ஓடுகிற பல் சக்கரம். அதன் முதுகில் ஒரு கறுப்பு வளையம் இருக்கும். பார்த்தால் ரப்பர் மாதிரிதான் தெரியும். ஆனால் அதற்குள் வடக்கு தெற்கு, வடக்கு தெற்கு என்று சின்னச் சின்னக் காந்தப் புள்ளிகள் சுற்றிலும் பதித்திருக்கும். கிராங்க் சென்சார் எண்ணுவது அந்தப் புள்ளிகளைத்தான். தம்பி சக்கரத்தைக் கழற்றினான். வெடிப்பில்லை, கீறலில்லை, எண்ணெய்ப் பிசுக்குகூட இல்லை. புதுசு மாதிரி இருந்தது.

அத்தான் வளையத்தின் மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார். கிரைண்டருக்கு அடியில் கிடந்த இரும்புத்தூளில் ஒரு சிட்டிகை எடுத்துத் தூவி, தாளைச் சுண்டினார். தூள் சிலிர்த்து எழுந்து கோடு கோடாக நின்றது. சுற்றிலும் ஒரே அளவுக் கோடுகள், கோலம் போட்ட மாதிரி. ஓரிடத்தில் மட்டும் கோடு கலங்கி, கை பட்ட கோலமாக அழிந்திருந்தது. ஒரு கட்டைவிரல் அகலம் இருக்கும்.

"இது எப்படி நடந்திருக்கும்?" என்று அத்தான் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். காந்தத்தைக் கெடுக்கக் காந்தத்தால்தானே முடியும், வலுவான காந்தம் ஒன்று வெகுநேரம் ஒட்டிக் கிடந்திருக்க வேண்டும், எஞ்சினுக்குள் காந்தத்தை யார் கொண்டுபோனது என்று அவர் பேசிக்கொண்டே போனார்.

தம்பி அந்தக் கலங்கல் மேல் தன் மணிக்கட்டைக் கொண்டுபோய் வைத்தான். பட்டையில் தைத்திருந்த காந்தம் ஒன்றின் அகலமும் அதன் அகலமும் அச்சு அசல்.

அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. பெல்ட் போட்ட அன்று உள்ளே எண்ணெய் கசிந்ததால் ஆயில் சீல் வளையத்தையும் மாற்றவேண்டி இந்தச் சக்கரத்தைக் கழற்றினான். அதற்குள் சாப்பாட்டு நேரம். மேசையிலிருந்து உருண்டு விழுந்துவிட்டால் என்ன ஆவது? தன் கையைத் தனக்குத் தெரியாதா? அன்று மட்டும் பட்டையைக் கழற்றி மேசையில் விரித்து, சக்கரத்தின் ஓரம் அதன் ஒரு காந்தத்தில் ஒட்டும்படி பத்திரமாக வைத்துவிட்டுப் போனான். நன்றாகக் கவ்விப் பிடித்துக்கொண்டது. திரும்பி வந்து இழுத்து எடுக்கவேண்டியிருந்தது. தன் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டுதான் எடுத்தான். கெட்டுப்போன புள்ளிகள் செத்துப்போகவில்லை, சோர்ந்துதான் போயிருந்தன. குளிரில் எப்படியோ குரல் கொடுத்தன; சூடு ஏறினால் அதுவும் இல்லை. அலட்சியத்தால் ஒருவன் வண்டியைக் கெடுக்கலாம். அக்கறையால் கெடுத்தவன் இவன் ஒருவன்தான்.

அவன் அப்படியே சொன்னான். அத்தானின் வயரைப் பழி சொன்னதற்கும் சேர்த்துச் சொன்னான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆகிவிட்டது, நாலு பேர் முன்னால் சொன்னேன், நாலு பேர் முன்னால் திட்டுங்கள் என்றான்.  

அத்தான் பட்டையை வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று தம்பி எதிர்பார்த்தான், திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"இது அவ வாங்கிக் கொடுத்ததுல்ல?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "அவகிட்ட சொல்லாத. பாலத்து மேல நின்னதே தாங்கல அவளுக்கு. தான் கொடுத்த பொருளாலதான் நின்னுச்சுன்னு தெரிஞ்சா மனசுல போட்டு உருட்டிட்டே இருப்பா. வயர்னு நான் சொல்லிக்கறேன்," என்றார்.

அதெப்படி, செய்யாத தப்பை நீங்கள் ஏன் சுமக்கவேண்டும், சக்கரத்தைக் கை தவறிக் கீழே போட்டுவிட்டேன் என்று நானே சொல்கிறேன், ஓட்டைக்கைதானே, யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்றான் தம்பி. நேற்றுவரை குற்றத்தை ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்த்தவர்கள், இப்போது எனக்குத்தான் என்று பிடித்து இழுத்தார்கள். முடிவாக ஒன்றும் பேசுவதற்குள் ஒருவர் பிரேக் பிடிக்கவில்லை என்று வண்டியோடு உள்ளேயே வந்து நின்றார். அந்த அவசரத்தில், அத்தான் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று தம்பி நினைத்தான். தம்பி ஒப்புக்கொண்டுவிட்டான் என்று அத்தான் நினைத்தார்.

அன்று மாலையே புதுச் சக்கரம் வந்தது. தம்பி பட்டையைக் கழற்றித் தூரச் சுவரில் மாட்டிவிட்டு, வெறுங்கையோடு அதைப் பூட்டினான். இரண்டு போல்ட் கீழே விழுந்தன. குனிந்து தேடி எடுத்தான். ஸ்கோப்பில் சீப்பு முழுசாக ஓடியது, அட்டைப்பெட்டி வைத்தும் ஒரு பல் மெலியவில்லை.

சனிக்கிழமை மதியம் அக்கா வந்தாள். நீங்கள் ஓட்டிக் காட்டினால் எனக்கு நம்பிக்கை வராது, நானே ஓட்டுகிறேன் என்று சொல்லி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். அத்தான் பக்கத்தில், தம்பி பின்னால். நெரிசலான தெருக்களாகப் பார்த்து ஊர்ந்தாள், எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும் என்று. விசிறி இரைந்தது. பிறகு பாலத்தில் ஏற்றினாள். அன்றைக்கு நின்ற அதே உச்சியில், ஓரத்தில் வண்டிகள் ஒதுங்குகிற இடத்தில் நிறுத்தினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னதான் கோளாறு?" என்று கேட்டாள்.

"வயர் ஒண்ணு உரசிட்டிருந்துச்சு," என்றார் அத்தான்.

"சக்கரத்தைக் கீழ போட்டுட்டேன்க்கா," என்றான் தம்பி, அதே மூச்சில்.

அக்கா கணவரைப் பார்த்தாள். கண்ணாடியில் தம்பியைப் பார்த்தாள். இரண்டு பேரும் வெளியே வேடிக்கை பார்த்தார்கள்.

"நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? ரெண்டு சாட்சியும் ஒத்துப்போகலன்னா கம்ப்யூட்டர் வண்டிய நிறுத்திடும்னு. நானும் நிறுத்தறேன்," என்று சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். "உண்மை வந்தாதான் சாவி."

லாரிகள் போகும்போதெல்லாம் பாலம் அதிர்ந்தது, காரும் அதிர்ந்தது. தம்பிதான் சொன்னான். சக்கரத்தை, சாப்பாட்டு நேரத்தை, தாளில் அழிந்த கோட்டை, எதையும் விடாமல் சொன்னான்.

அக்கா ஸ்டியரிங்கைப் பார்த்துத்தான் பேசினாள்.

"கடையில ரெண்டு விதம் இருந்துச்சுடா. ஒண்ணு லேசு. எது ரொம்ப வலுவா இழுக்கும்னு நாலு ஆணிய ஒட்டிப் பாத்து, இன்னொன்ன வாங்கினேன்."

அவள் கண் கலங்கியதை அத்தான் பார்த்தார். அதனால்தான் சொல்லவேண்டாம் என்று நினைத்ததாக முணுமுணுத்தார். அவள் முழங்கையால் அவரை ஒரு இடி இடித்தாள். வயர் உரசியதாம், வயர் என்றாள்.

"எங்கடா இப்ப அது?"

"சுவத்துல ஆணியில மாட்டியிருக்கேன்க்கா. தூக்கிப் போடத்தான் போனேன், முடியல."

"நல்லவேளை. பட்டறையிலயே இருக்கட்டும். எஞ்சின் பக்கம் கொண்டு வராத." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அடுத்த பொறந்தநாளுக்குச் சட்டைதான் உனக்கு."

சாவியில் கை வைத்தாள். எஞ்சின் அனலாகக் கொதித்துக்கொண்டிருந்தது. இந்தச் சூட்டில்தான் அன்றைக்கு எவ்வளவு திருப்பியும் கிளம்பவில்லை.  ஸ்கோப்பில் பார்த்தாயிற்று, பின் போட்டுப் பார்த்தாயிற்று, இருந்தாலும் தம்பிக்கு நம்பிக்கை வரவில்லை. அத்தானும் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

திருப்பினாள். ஒரே திருப்பில் கிளம்பியது.

அக்கா உடனே கியரைப் போடவில்லை. அணைத்து, மறுபடி திருப்பினாள். மறுபடியும் கிளம்பியது. அதன்பிறகு இண்டிகேட்டரைப் போட்டு, பின்னால் பார்த்து, லாரிகளுக்கு நடுவில் வண்டியை இறக்கினாள். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அல்ல, அந்தப் பக்கமாக, அவள் தினமும் போகிற வழியில்.

"டீச்சருக்குப் போன் போடுடா," என்றாள். "திங்கட்கிழமை நான்தான் வருவேன்னு சொல்லு."

தம்பி பையிலிருந்து போனை எடுத்தான். ஓட்டைக்கை, அது நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து, சீட்டுக்கு அடியில் தேடினான்.